ஹைப்பர்சானிக் என்றால் எவ்வளவு வேகம்?

2024 நவம்பர் 16 அன்று, ஒடிசா கடற்கரையை ஒட்டியுள்ள அப்துல் கலாம் தீவிலிருந்து நம் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டிஆர்டிஓ ஓர் ஏவுகணையைச் சோதித்தது. 1,500 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. இந்தியாவின் முதல் நெடுந்தொலைவு ஹைப்பர்சானிக் ஏவுகணை என்று மறுநாள் எல்லாச் செய்திகளிலும் வந்தது. கூடவே ஒரு வரி விளக்கமும் இருந்தது: ஒலியைப் போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேகம்.

சரி. அப்படியானால் அக்னி-5? 2012 ஏப்ரல் 19 அன்று அது முதன்முதலில் பறந்தது. 5,000 கிலோமீட்டர் தாண்டிப் போய் விழ வேண்டிய ஏவுகணை அது. அவ்வளவு தூரம் எறிய வேண்டுமென்றால் நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகமாவது கொடுத்தாக வேண்டும். திரும்பிக் காற்றுமண்டலத்துக்குள் நுழையும்போது ஒலியைப் போல் 20 மடங்கை ஒட்டிய வேகத்தில் வரும். ஆனால் அன்றைக்கு வந்த செய்திகள் பொதுவாக அதை ஹைப்பர்சானிக் ஏவுகணை என்று எழுதவில்லை. வேகம் குறைந்ததற்கு அந்தப் பட்டம் கிடைத்திருக்கிறது, வேகம் கூடியதற்குக் கிடைக்கவில்லை.

இது செய்தியாளர்களின் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் குடியிருக்கிறது. ஒன்று காற்றியல் படித்தவர்கள் 1946 முதல் சொல்லி வருவது. மற்றது கடந்த சில ஆண்டுகளில் ராணுவத்திலிருந்து செய்திக்கு வந்து சேர்ந்தது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் இந்த முடிச்சு அவிழும். அதோடு, முதல் பொருள் அவ்வளவு அழகானது. "ரொம்ப வேகம்" என்ற அளவில் அதைக் கடந்துபோய்விடுவதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

முதலில் அளவுகோலைப் பார்த்துவிடலாம். விமானத்தின் வேகத்தை, அந்த இடத்துக் காற்றில் ஒலி போகும் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது மாக் எண். ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக்கின் பெயர் அது. 1880-களில் பீட்டர் சால்ஷர் என்பவரோடு சேர்ந்து, பாய்ந்து செல்லும் துப்பாக்கிக் குண்டைச் சுற்றிக் காற்றில் எழும் அதிர்வலையைப் படம்பிடித்துக் காட்டியவர் அவர். குண்டின் மூக்கிலிருந்து படகின் முன்அலை போல இரண்டு பக்கமும் சாய்ந்து விரியும் கோடுகள் அந்தப் படங்களில் தெரியும். இந்த எண்ணுக்கு அவர் பெயரை 1929-இல் சூட்டியவர் சுவிட்சர்லாந்தின் யாகோப் ஆக்கெரெட்.

இந்த அளவுகோலில் ஒரு நெளிவு இருக்கிறது. ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. 15 டிகிரியில் நொடிக்கு 340 மீட்டர். சித்திரை வெயிலில் 35 டிகிரி கொதிக்கும் சென்னையில் 350-ஐத் தாண்டும். பயணிகள் விமானம் பறக்கும் 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி. அங்கே ஒலி 295 மீட்டர்தான் போகும். ஆகவே "மாக் 5 என்றால் மணிக்கு 6,100 கிலோமீட்டர்" என்று எழுதுவது கடல்மட்டக் கணக்கு. இந்த வேகத்தில் யாரும் கடல்மட்டத்தில் நெடுநேரம் பறப்பதில்லை. உண்மையில் பறக்கிற 30 கிலோமீட்டர் உயரத்தில் மாக் 5 என்பது நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், மணிக்குச் சுமார் 5,400. அந்த வேகத்தில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்கோட்டில் ஏழு நிமிடம்.

இன்னொன்றும் இதிலிருந்தே வருகிறது. காற்று இருந்தால்தான் மாக் எண்ணுக்கு அர்த்தம். சர்வதேச விண்வெளி நிலையம் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. அதை யாரும் ஹைப்பர்சானிக் என்பதில்லை, சொல்லவும் கூடாது. அங்கே வகுப்பதற்கு ஒலியே இல்லை. அதே நிலையத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் கலம், காற்றைத் தொட்டதும் ஹைப்பர்சானிக் ஆகிவிடுகிறது.

சொல் எப்படிப் பிறந்தது? லத்தீனில் சூப்பர் என்றால் மேலே, கடந்து. கிரேக்கத்தில் ஹைப்பர் என்றாலும் அதேதான். அகராதிப்படி பார்த்தால் சூப்பர்சானிக்கும் ஹைப்பர்சானிக்கும் ஒரே பொருள். ஒன்று மற்றொன்றைவிடப் பெரியது என்பது வழக்கத்தால் வந்த ஏற்பாடு. சூப்பர்சானிக் என்ற சொல்லே முதலில் வேகத்தைக் குறிக்கவில்லை. மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிக்கு அந்தப் பெயர் இருந்தது. விமானங்கள் வேகம் கூட்டிக்கொண்டு ஒலியை எட்டிப் பிடிக்க வந்த காலத்தில் சொல் இடம் மாறியது. காது கேளாத ஒலிக்கு அல்ட்ராசானிக் என்ற பெயர் நிலைத்தது.

ஹைப்பர்சானிக் என்ற சொல்லைக் கொண்டுவந்தவர் சியென் சுவேசென். சீனாவில் 1911-இல் பிறந்து, அமெரிக்காவில் காற்றியல் மேதை தியோடர் வான் கார்மானிடம் படித்து, அவருக்கு நிகராக வளர்ந்தவர். 1946-இல் ஒரு கணிதக் கட்டுரை எழுதினார். ஒலியைவிட வேகம் மிக மிக அதிகமாகும்போது, மெல்லிய உடல்களைச் சுற்றிக் காற்று ஓடும் விதம் ஓர் எளிய விதிக்குள் வந்துவிடுகிறது என்று அதில் காட்டினார். மாக் எண்ணையும், உடல் எவ்வளவு ஒல்லி என்பதையும் பெருக்கினால் வருகிற ஒரே எண் போதும். அந்த எண் ஒத்துப்போனால் இரண்டு வேறு உடல்களைச் சுற்றியும் காற்று ஒரே மாதிரி நடந்துகொள்ளும். சூப்பர்சானிக்குக்குப் போட்ட கணக்கு இங்கே செல்லாது, புதுக் கணக்கு வேண்டும் என்று சொல்லத்தான் அவருக்குப் புதுச் சொல் தேவைப்பட்டது.

அவருடைய வாழ்க்கை பிறகு எங்கேயோ போனது. 1950-இல் கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் அமெரிக்க அரசு அவருடைய பாதுகாப்பு அனுமதியைப் பறித்தது. ஐந்து ஆண்டுகள் கண்காணிப்பில் வைத்திருந்து, 1955-இல் சீனாவுக்கு அனுப்பியது. அங்கே போய்ச் சீனாவின் ஏவுகணைத் திட்டத்தைக் கட்டி எழுப்பினார். அமெரிக்காவில் இருந்தபோதே, 1949-இல், ராக்கெட்டில் ஏறிக் காற்றுமண்டலத்தின் மேல்விளிம்பில் சறுக்கிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போகும் பயணிகள் ஊர்தி ஒன்றைக் கற்பனை செய்து வைத்திருந்தார். அந்தச் சறுக்குப் பாதைக்குச் சீனாவில் இன்றும் அவர் பெயர்தான். 2019 அக்டோபர் 1 அன்று பெய்ஜிங் அணிவகுப்பில் வந்த டிஎஃப்-17 ஏவுகணையின் தலைப்பகுதி அப்படிச் சறுக்கிப் போகிற வகை. பயணிகளை ஏற்றிப் போக நினைத்த பாதை வெடிகுண்டுக்குப் பயன்பட்டது.

சரி, ஏன் ஐந்து? நாலரையில் என்ன குறை?

ஒலியின் வேகத்தைக் கடப்பது தெளிவான எல்லை. மாக் 1-க்குக் கீழே, விமானம் வருகிற தகவல் அழுத்த அலையாக அதற்கு முன்னே ஓடிப்போய்க் காற்றை விலகச் சொல்கிறது. மாக் 1-ஐத் தாண்டினால் அந்தத் தகவல் முன்னே போக முடியாது. காற்று கடைசி நொடியில் சட்டென்று இறுக்கப்படுகிறது. அதுதான் அதிர்வலை, தரையில் நமக்குக் கேட்பது "டமார்" என்ற சத்தம். 1947 அக்டோபர் 14 அன்று சக் யேகர் எக்ஸ்-1 விமானத்தில் அந்தக் கோட்டைத் தாண்டினார். தாண்டியது எந்தக் கணத்தில் என்று கருவியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மாக் 5-இல் அப்படி எதுவும் நடக்காது. சத்தம் இல்லை, உலுக்கல் இல்லை. 4.9-க்கும் 5.1-க்கும் நடுவே விமானிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மூன்றிலிருந்தே மெல்ல மெல்லச் சில மாற்றங்கள் தலைகாட்டி, ஏழு எட்டு வருவதற்குள் அவையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிற அளவுக்கு வளர்ந்துவிடுகின்றன. அந்த நீண்ட சரிவில் எங்கேயாவது ஒரு மைல்கல் நட வேண்டும் என்பதற்காக ஐந்தில் நட்டிருக்கிறார்கள்.

மாறுவது என்ன என்றால், வெப்பம். சைக்கிளுக்குக் கைப் பம்ப்பால் காற்றடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பத்து இருபது முறை வேகமாக அடித்துவிட்டுப் பம்ப்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். உள்ளே தண்டு உராய்வது கொஞ்சம்தான் காரணம்; பெரும்பங்கு, காற்றைத் திடீரென்று நெருக்கியது. வேகமாகப் பறக்கும் உடலின் மூக்கிலும் இதுவே நடக்கிறது. எதிரே வரும் காற்று மோதி நிற்க வேண்டியிருக்கிறது. ஓடிவந்த வேகம் முழுவதும் வெப்பமாக மாறுகிறது. "காற்றோடு உராய்ந்து சூடாகிறது" என்று பள்ளிப் பாடத்திலிருந்து எல்லா இடத்திலும் சொல்கிறோம். உராய்வும் உண்டு, ஆனால் மூக்கில் சுடுவது முக்கியமாக இந்த நெரிசல்தான்.

இந்த வெப்பம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மைனஸ் 56 டிகிரிக் காற்றில் மாக் 2-க்கு மூக்கருகே கணக்கு 117 டிகிரி காட்டும். கான்கார்டு விமானம் அந்த வேகத்தில்தான் பறந்தது. சூட்டில் அதன் உடல் பறக்கும்போது சில அங்குலம் நீண்டு, இறங்கியதும் சுருங்கும். மாக் 3-க்கு 330 டிகிரி. அலுமினியம் அந்தச் சூட்டில் வலுவிழந்துவிடும் என்பதால் எஸ்ஆர்-71 உளவு விமானத்தை டைட்டானியத்தில் கட்டினார்கள். மாக் 5-க்கு 1,000 டிகிரியைத் தாண்டுகிறது. மாக் 7-க்கு 2,000-ஐத் தாண்டுகிறது. இரும்பு 1,538-இல் உருகும்.

இந்த இடத்துக்கு மேல் காற்றே காற்றாக இருப்பதில்லை. 500, 600 டிகிரியிலேயே ஆக்சிஜன், நைட்ரஜன் மூலக்கூறுகள் உள்ளுக்குள் அதிரத் தொடங்கிவிடுகின்றன. நாம் கல்லூரியில் படித்த எளிய வாயுச் சமன்பாடுகள் அங்கேயே ஆட்டம் காணும். சுமார் 1,700 டிகிரியில் ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிளக்க ஆரம்பிக்கிறது. 3,700-ஐ ஒட்டி நைட்ரஜனும் பிளக்கிறது. பிளந்த அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு போன்ற வேறு பொருள்கள் உண்டாகின்றன. இன்னும் மேலே போனால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான் கழன்று, கலத்தைச் சுற்றி மின்னேற்றம் பெற்ற பிழம்பு ஒன்று போர்த்திக்கொள்கிறது. பூமிக்குத் திரும்பும் விண்கலத்தோடு சில நிமிடம் ரேடியோத் தொடர்பு அறுந்துபோவது அதனால்தான். வேறு விதமாகச் சொன்னால், சூப்பர்சானிக் வரைக்கும் விமானம் காற்றில் பறக்கிறது. ஹைப்பர்சானிக்கில் அது தன்னைச் சுற்றித் தானே ஒரு வேதியியல் ஆய்வுக்கூடத்தை உண்டாக்கி, அதற்குள் பறக்கிறது.

அப்புறம், அதிர்வலையின் இடமும் மாறுகிறது. வேகம் கூடக் கூட அது பின்னோக்கிச் சாய்ந்து உடலோடு ஒட்டிக்கொள்ள வரும். அதிர்வலைக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளிதான் மிஞ்சும். கொதிக்கும் காற்று முழுவதும் அந்தச் சந்தில் ஓடுகிறது. ஓர் அதிர்வலை இன்னொன்றின் மேல் விழுகிற மூலை ஏதாவது இருந்தால், அந்த மூலையில் வெப்பம் பல மடங்கு ஏறிவிடும்.

இதற்கு நான் அறிந்ததிலேயே கண்ணில் நிற்கும் சாட்சி எக்ஸ்-15. அமெரிக்காவில் 1959 முதல் 1968 வரை பறந்த ராக்கெட் விமானம். பி-52 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்கடியில் தொங்கிக்கொண்டு மேலே போய், அங்கிருந்து கழன்று, ராக்கெட்டைப் பற்றவைத்துப் பாயும். மாக் 5-ஐத் தாண்டிய முதல் விமானமும் அதுதான். 1961 ஜூன் 23, விமானி ராபர்ட் வைட். (மனிதர்களில் முதலாமவர் யூரி ககாரின். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரல் 12 அன்று, பூமிக்குத் திரும்பும் வழியில் அந்த வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டார். மனிதன் செய்த பொருள் என்று பார்த்தால் 1949 பிப்ரவரியிலேயே நியூ மெக்சிகோவில் ஒரு வி-2 ராக்கெட்டின் தலையில் ஏற்றி அனுப்பிய சிறு ராக்கெட் மணிக்கு 8,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.)

1967 அக்டோபர் 3 அன்று பீட் நைட் அந்த எக்ஸ்-15 விமானங்களில் ஒன்றை மாக் 6.7 வரை கொண்டுபோனார். மணிக்கு 7,274 கிலோமீட்டர். வெப்பத்தில் கரிந்து உதிர்ந்து உள்ளே இருப்பதைக் காக்கும் பூச்சு ஒன்றை விமானம் முழுவதும் பூசி, அதன்மேல் வெள்ளை அடித்திருந்தார்கள். வால்பக்கத்து அடித்துடுப்பில் ஒரு மாதிரி எஞ்சினைத் தொங்கவிட்டிருந்தார்கள். இயங்காது, வெறும் கூடு. அந்தக் கூட்டின் மூக்கில் எழுந்த அதிர்வலை, அதைத் தாங்கிய துடுப்பின் மேல் போய் விழுந்தது. விழுந்த இடத்தில் ஊதுகுழாய்த் தீயால் அறுத்தது போல உலோகத்தில் ஓட்டை. வழியிலேயே அந்தக் கூடு பிய்ந்து விழுந்துவிட்டது. நைட் பத்திரமாக இறங்கினார். வெள்ளையாகப் போன விமானம் கரிபிடித்துத் திரும்பியது. அந்த விமானம் மறுபடி பறக்கவேயில்லை. அது இன்றும் ஓஹியோ மாநிலம் டேட்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எஞ்சின் உள்ள விமானத்தில் ஒரு மனிதர் அதைவிட வேகமாகப் போனதில்லை.

ஊசிமூக்கு வைத்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகலாமே என்று நமக்குத் தோன்றும். ஐம்பதுகள் வரை வல்லுநர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1951-இல் அமெரிக்காவில் ஹாரி ஜூலியன் ஆலன் இதைத் தலைகீழாக்கினார். மூக்கு மழுங்கியிருந்தால் அதிர்வலை உடலைவிட்டுத் தள்ளி நிற்கும். வெப்பத்தில் பெரும்பங்கு காற்றோடு வெளியே போய்விடும். ஊசி நுனி உருகிப் போகும் இடத்தில் சட்டிமூக்கு பிழைத்துக்கொள்ளும். விண்வெளியிலிருந்து ஆட்கள் திரும்பும் எல்லாக் கலங்களும் அடிப்பக்கம் தட்டையாக, மொண்ணையாக இருப்பது இதனால்தான். ககன்யான் கலத்தின் வடிவமும் அதுவே.

இந்த வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது கல்பனா சாவ்லாவை நினைக்காமல் என்னால் இருக்க முடியாது. 2003 ஜனவரி 16 அன்று அவர் இருந்த கொலம்பியா விண்ணோடம் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதி ஓட்டை போட்டது. பதினாறு நாள் விண்வெளியில் அந்த ஓட்டையால் ஒரு கெடுதலும் இல்லை. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில், நான் மேலே சொன்ன அந்தக் கொதிக்கும் காற்று ஓட்டை வழியாக இறக்கைக்குள் போனது. உள்ளே இருந்தது அலுமினியச் சட்டம். தரையிறங்கப் பதினாறு நிமிடம் இருக்கையில் டெக்சாஸ் வானில் கலம் சிதறியது. ஏழு பேரும் போய்விட்டார்கள். விபத்துச் செய்தி கேட்ட அன்று, அவ்வளவு உயரத்தில், அவ்வளவு மெல்லிய காற்று எப்படி ஓர் இறக்கையை அறுக்கும் என்று பலருக்கும் கேள்வி இருந்தது. ஹைப்பர்சானிக் என்ற சொல்லின் முழுப் பொருள் அந்தக் கேள்விக்கான பதிலில் இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ராக்கெட்டால் தள்ளப்பட்டோ மேலிருந்து விழுந்தோ வந்த வேகம். காற்றைக் குடித்து எரிபொருளை எரிக்கும் எஞ்சினோடு இந்த வேகத்தில் பறப்பது வேறொரு பெரும் பாடு. ராம்ஜெட் எஞ்சினில் காற்றை ஒலிவேகத்துக்குக் கீழே தணித்து எரிப்பார்கள். மாக் 5-க்கு மேல் அப்படித் தணித்தால், தணிந்த காற்றே எரிபொருள் கொடுக்கும் சூட்டுக்கு இணையாகக் கொதித்துவிடும், எரித்து லாபமில்லை. அதனால் காற்றை எஞ்சினுக்குள்ளும் சூப்பர்சானிக்காகவே ஓடவிட்டு எரிக்க வேண்டும். அதுதான் ஸ்க்ராம்ஜெட். ஒரு மீட்டர் நீளமுள்ள எரிகலனைக் காற்று கடக்க ஒரு மில்லிநொடி கூட ஆகாது. அதற்குள் எரிபொருள் கலந்து, பற்றி, எரிந்து முடிய வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த ஆடிக்காற்றைப் போல் நூறு மடங்கு வீசுகிற இடத்தில் அகல்விளக்கை அணையாமல் காக்கிற வேலை இது.

ஆகவே இந்தத் துறையில் சாதனைகள் நொடிக்கணக்கில் இருக்கும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அற்பமாகத் தெரியும். 2004 நவம்பரில் நாசாவின் ஆளில்லாச் சோதனை விமானமான எக்ஸ்-43ஏ மாக் 9.6-ஐத் தொட்டபோது எஞ்சின் எரிந்தது சுமார் பத்து நொடி. 2016 ஆகஸ்ட் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ அனுப்பிய ராக்கெட்டில் ஸ்க்ராம்ஜெட் மாக் 6-இல் எரிந்தது ஐந்து நொடி. 2020 செப்டம்பர் 7 அன்று டிஆர்டிஓவின் சோதனைக் கலம் 30 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்தது 20 நொடிக்கு மேல். 2025 ஏப்ரலில் ஐதராபாத்தில் தரையில் வைத்து ஓர் எரிகலனை 1,000 நொடிக்கு மேல் எரியவிட்டார்கள். ஐந்திலிருந்து ஆயிரத்துக்கு வந்த இந்தப் பாதைதான் உண்மையான செய்தி. தலைப்பில் அது வருவதேயில்லை. "ஒலியைவிட ஐந்து மடங்கு" என்பது மட்டும் வருகிறது.

இப்போது அக்னி-5 முடிச்சுக்குத் திரும்பலாம். செய்தியில் இன்று புழங்கும் இரண்டாவது பொருளில், ஹைப்பர்சானிக் ஏவுகணை என்பது இரண்டே வகை. ஒன்று, ராக்கெட்டால் உயரே போய், பிறகு காற்றுமண்டலத்தின் மேற்பகுதியில் எஞ்சின் இல்லாமல் சறுக்கிக்கொண்டு, நடுவழியில் திசைமாறி வருவது. இன்னொன்று, ஸ்க்ராம்ஜெட்டோடு காற்றுக்குள்ளேயே பறந்து வருவது. அக்னி போன்ற பாலிஸ்டிக் ஏவுகணை எறிந்த கல் மாதிரி. முதல் சில நிமிடத்தைப் பார்த்தாலே எங்கே விழும் என்று கணக்குப் போட்டுவிடலாம். விண்வெளிக்குப் போவதால் வெகுதூரத்திலிருந்தே ராடாரில் தெரியும். சறுக்கி வருவது தாழ்வாக வருகிறது, பூமியின் வளைவுக்குப் பின்னால் நெடுநேரம் மறைந்திருக்கிறது, எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. எதிரிக்குத் தலைவலி கொடுப்பது இந்த வளைந்து நெளியும் குணம். வேகம் இரண்டாம்பட்சம், காற்றோடு மல்லுக்கட்டி வருவதால் சறுக்கு ஏவுகணை தன் வேகத்தை வழியெல்லாம் இழந்துகொண்டேதான் வரும். இலக்கை அடையும்போது, அதே தூரம் போகும் பாலிஸ்டிக் ஏவுகணையைவிட மெதுவாகவே இருக்கும்.

குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ரஷ்யாவின் கின்ஷால் நல்ல உதாரணம். 2018 மார்ச்சில் புதின் அறிமுகப்படுத்தியபோது உலகமே அதை ஹைப்பர்சானிக் என்றது. மாக் 5-ஐத் தாண்டுகிறது என்பதால் முதல் பொருளில் அது சரி. ஆனால் அடிப்படையில் அது விமானத்திலிருந்து விடப்படும் பாலிஸ்டிக் ஏவுகணைதான். சறுக்குக் கலமும் இல்லை, ஸ்க்ராம்ஜெட்டும் இல்லை. "ஹைப்பர்சானிக்கைத் தடுக்கவே முடியாது" என்ற பேச்சோடு வந்த ஏவுகணை. 2023 மே மாதம் கீவ் வானில் பேட்ரியாட் என்ற வான்பாதுகாப்புக் கருவியால் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதாக உக்ரைன் சொன்னது, அமெரிக்க ராணுவத் தலைமையகமும் உறுதி செய்தது. அன்று விழுந்தது ஹைப்பர்சானிக்கா, இல்லையா என்று ஒரு வாதம் கிளம்பியது. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பொருளை வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். நம் பக்கம் பிரமோஸையும் சில செய்திகளில் ஹைப்பர்சானிக் என்று எழுதிவிடுகிறார்கள். பிரமோஸ் மாக் 3-ஐ ஒட்டிப் பறப்பது, சூப்பர்சானிக்.

தமிழில் நமக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது குற்றொலி, 20,000-க்கு மேலே இருப்பது மீயொலி. வயிற்றில் வைத்து எடுக்கும் ஸ்கேன் அந்த மீயொலியால் ஆனது. சூப்பர்சானிக் விமானத்துக்கும் கலைச்சொல் தேடியவர்கள் "மீயொலி வேகம்" என்றே வைத்தார்கள். ஆங்கிலம் எண்பது தொண்ணூறு ஆண்டுக்கு முன் பட்டுத் திருந்திய அதே குழப்பம். "மீ" என்பது அருமையான பழைய முன்னொட்டு. "மீக்கூறும் மன்னன் நிலம்" என்று குறளில் வருகிறதே, அந்த "மீ". மேலே, உயர்வாக என்று பொருள். ஒலியின் அதிர்வெண்ணுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. அதை அங்கேயே விட்டுவிட்டு, வேகத்துக்கு "ஒலி கடந்த வேகம்" என்று சொல்லிவிடலாம். கேட்டவுடன் புரியும்.

ஹைப்பர்சானிக்குக்கு "அதிமீயொலி" என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. மேலே என்ற சொல்லின் மேல் இன்னொரு மேலே. இன்னும் கொஞ்சம் வேகம் என்பதைத் தவிர வாசிப்பவருக்கு அது ஒன்றும் சொல்வதில்லை. அந்த வேகத்தில் நடப்பது அழல். காற்று கொதித்து, பிளந்து, ஒளிர்கிறது. "அழல்வேகம்" என்று சொன்னால் என்ன என்று பலமுறை யோசித்திருக்கிறேன். செய்தியில் ஹைப்பர்சானிக் என்றே எழுதட்டும், மக்களுக்குப் பழகிவிட்டது. பாடப்புத்தகத்தில், மாணவர் முதன்முதலில் இதைச் சந்திக்கும் இடத்தில், இப்படி ஒரு சொல் இருந்தால் கூடவே அதன் காரணமும் மனதில் ஏறும்.

பெயர் வைப்பதில் நம்மவர்கள் ஏற்கெனவே ஒரு முத்திரை பதித்திருக்கிறார்கள். இந்த வேகத்தைத் தரையில் உண்டாக்கிப் பார்க்க ஐஐடி கான்பூரில் 24 மீட்டர் நீளமுள்ள குழாய் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். 2024-இல் அறிவித்தார்கள். நொடிக்கு 3 முதல் 10 கிலோமீட்டர் வரையான வேகத்தை அதில் கொண்டுவரலாம். ஒரு பக்கம் வாயுவை இறுக்கி அடைத்து, நடுவே உலோகத் தகடு ஒன்றை வைத்து, அழுத்தம் தாங்காமல் தகடு கிழிகிற கணத்தில் பாயும் அதிர்வலைதான் அங்கே காற்றாக வீசுகிறது. கண்மூடித் திறப்பதற்கு முன்பே சோதனை முடிந்துவிடும். அந்தக் கணத்துக்குள் உள்ளே வைத்த மாதிரிக் கலத்தின் மூக்கில் காற்று ஆயிரக்கணக்கான டிகிரி சூட்டில் ஒளிர்ந்து அணையும். அந்தக் குழாய்க்குக் கட்டியவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் ஜிகர்தண்டா.